நாகதாளியை வென்ற இரு பூச்சிகள்

இலையைக் கடித்துத் தின்னும் புழுவை எவரும் எளிதிற் கண்டுகொள்வர். அது தின்ற இடம் ஓட்டையாகத் தெரியும். ஆயின், சாற்றை உறிஞ்சி உண்ணும் பூச்சிகளின் செயல் அத்தகையதன்று. அவை ஓரிடத்திலே அசையாது ஒட்டிக்கொண்டிருக்கும். இலையில் ஓட்டையும் இராது, கிழிசலும் இராது. நாள் செல்லச் செல்லச் செடி மாத்திரம் வாடிக்கொண்டே போகும். செவ்வரத்தையிலும் பப்பாசியிலும் மாப் பூசினாற்போல் மொய்க்கும் வெண்மூட்டுப் பூச்சியினால் மனம் நொந்த இல்லத்தரசியருக்கு இந்தக் கூட்டத்தாரை நாம் அறிமுகஞ் செய்து வைக்கவேண்டியதில்லை. அக்கூட்டத்துக்கு உறவினரான இரண்டு பூச்சிகளைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தின் விதியை நிர்ணயித்தது.

சில காலத்துக்கு முன்பு, விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கிய அன்று, மாணவன் ஒருவன் கடதாசிப் பெட்டியொன்றிலே நாகதாளி மடலொன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். மன்னார்க் கரையோரத்திலுள்ள தன் பேரனாரின் வளவு வேலியிலே வெட்டியெடுத்ததாம். மடலின் ஒரு பக்கம் முழுவதும் வெண்பஞ்சுத் திரள்கள் ஒட்டியிருந்தன.

"சேர், இதிலே பூஞ்சணம் பிடிச்சிருக்கு" என்றான் அவன்.

"பூஞ்சணமோ வேறெதுவோ, குச்சியாலே ஒன்றை எடுத்து நசுக்கிப் பார் தம்பி" என்றேன்.

அவன் குச்சியை விட்டு விரலினாலேயே நசுக்கிவிட்டான். மறுகணம் அவன் விரல் நுனி செக்கச் செவேலென்றாகியது. "ஐயோ சேர், இரத்தம்!" என்று அவன் கூவ, வகுப்பே எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. அஃது இரத்தமன்று என்று விளக்கிய பின்னர், அவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப, இந்தப் பூச்சி நல்லதோ கெட்டதோ, சேர்?" ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று அது. அன்று வகுப்பிலே கூறியதையே சற்று விரித்து இங்கே தருகின்றேன்.

பஞ்சுக்குள்ளே வாழும் உயிர்

நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாம் அழைக்கும் செடி, நம் நாட்டுக்கு உரியதன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸின் கடற்பயணங்களுக்குப் பின்னரே அது கப்பலேறிப் பிற கண்டங்களை அடைந்தது. வெண்பஞ்சுக்குள்ளே மறைந்து வாழும் பூச்சியும் அக்கண்டத்தையே சேர்ந்தது. டக்டைலோபியஸ் என்பது இப்பூச்சிகளின் பேரினப் பெயர். இப்பேரினத்திலே பத்துக்குச் சற்று மேற்பட்ட இனங்களே உள. அவை யாவும் கள்ளிக் குடும்பத்துச் செடிகளின் சாற்றையன்றி வேறொன்றையும் உண்பதில்லை.

பெண் பூச்சிக்குச் சிறகில்லை. கடுகினுஞ் சற்றுப் பெரியதாய், மிளகினுஞ் சிறியதாய் உருண்டிருக்கும். மயிரிழை போன்ற தன் வாயூசியை மடலுக்குள்ளே செலுத்திச் சாற்றை உறிஞ்சியவாறே, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே இடத்திற் கழித்துவிடும். அதன் உடலிற் சுரக்கும் மெழுகே வெண்பஞ்சாகி அதனைப் போர்த்துக் கொள்கின்றது. வெயிலினின்றும் பகையினின்றும் அதனைக் காப்பது அப்போர்வை. ஆண் பூச்சியோ முற்றிலும் வேறானது. அதற்கு இரு சிறகுகள் உண்டு. உண்பதற்கு வாய் இல்லை. சில நாளே உயிர்வாழ்ந்து, பெண்ணைத் தேடிக் கூடியபின் மடிந்துவிடும். முட்டையினின்று வெளிவரும் குஞ்சுகள் மாத்திரமே ஊர்ந்து திரிய வல்லன. அவற்றின் உடலிலுள்ள நீண்ட மெழுகு நூல்களைக் காற்றுப் பற்றி, ஒரு செடியினின்று மற்றொரு செடிக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போய்ச் சேர்ந்த செடி தனக்குரிய கள்ளியாயின் குஞ்சு பிழைக்கும், அன்றேல் இறக்கும்.

மாணவனின் விரலைச் சிவப்பாக்கியது கார்மினிக் அமிலம் என்னும் சாயப்பொருள். எறும்பு முதலிய பகைகளுக்கு இது கைப்பானது. எனவே பூச்சிக்கு இது கவசம். மனிதனுக்கோ இது செல்வமாயிற்று. இவ்விரு பூச்சிகளையும் நம் கரைகளிற் கொண்டுவந்து சேர்த்த வரலாறு இந்தச் செந்நிறத்திலேயே தொடங்குகின்றது.

சாயத்தைத் தேடி வந்த தவறு

மெக்ஸிக்கோ நாட்டின் ஓவாகாக்கா முதலிய பகுதிகளில், இக்குடும்பத்தைச் சேர்ந்த ஓரினத்தை மக்கள் நெடுங்காலமாகவே கால்நடைபோல் வளர்த்து வந்தனர். டக்டைலோபியஸ் கொக்கஸ் எனப்படும் அதுவே மெய்யான கொச்சினீல் பூச்சி. ஏனையவற்றிலும் அது பருத்தது. அதன்மேல் பஞ்சுத் திரளில்லை, மெல்லிய வெண்பொடியே படிந்திருக்கும். சாயமும் அதிலேதான் மிகுதி. ஓர் இறாத்தல் சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகளை உலர்த்தவேண்டும் என்பர். ஸ்பானியர் மெக்ஸிக்கோவைக் கைப்பற்றியபின் இச்சாயத்தை ஐரோப்பாவுக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். பூச்சி உயிரோடு பிறர் கைக்குப் போகாதவாறு காவலும் செய்தனர். 1777ஆம் ஆண்டில் தியெரி தெ மெனொன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர், பூச்சிகளோடு கூடிய கள்ளி மடல்களை ஓவாகாக்காவினின்று கரவாக எடுத்துச் சென்றமை, அச்சாயத்துக்கு அக்காலத்திலிருந்த மதிப்பைப் புலப்படுத்தும். இன்றும் பெரு நாட்டிலேயே மிகுதியாக இது விளைகின்றது. இனிப்புப் பண்டங்களின் உறையிலே ஈ 120 என்று குறிக்கப்படும் நிறம் இதுவே. சைவ உணவு கொள்வோர் அறிந்துவைத்திருக்க வேண்டிய இலக்கம் அது!

இச்சாயத்தை இந்தியாவிலும் விளைவிக்கவேண்டும் என்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியார் பேராவல் கொண்டனர். சென்னைப் பட்டணத்தில் மருத்துவத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் அன்டர்சன், சைதாப்பேட்டையில் அதற்கெனக் கள்ளித் தோட்டமொன்றையே அமைத்தார். தோட்டம் ஆயத்தமாயிருந்தது, பூச்சிதான் கிட்டவில்லை. 1795ஆம் ஆண்டில் கப்டன் நீல்சன் என்பார் பிரேஸில் நாட்டு ரியோ டி ஜெனீரோத் துறைமுகத்தினின்று பூச்சிகள் மொய்த்த மடல்களைக் கொணர்ந்து கல்கத்தாவில் இறக்கினார். கம்பனியார் அகமகிழ்ந்தனர். ஆயின் வந்தது மெய்யான கொச்சினீல் அன்று. அதனை ஒத்த தென்னமெரிக்கக் காட்டினமொன்றே வந்திருந்தது. நசுக்கினால் வரும் செந்நிறம் அதுபோல. ஆனால் உடல் சிறிது, சாயம் தாழ்ந்தது. வணிகம் வேரூன்றவில்லை.

முதற் பூச்சி

சாயத்துக்கு உதவாத அப்பூச்சி, வேறொரு காரியத்தைச் செவ்வனே செய்தது. தான் குடியேறிய கள்ளியைச் சாறு உறிஞ்சிச் சாகடித்தது. அக்கள்ளி ஒபன்சியா மொனகாந்தா எனப்படும் தென்னமெரிக்க இனம். பெயருக்கு ஒற்றைமுள் உடையது என்பது பொருள். நாமும் அதனை ஒற்றைமுள் நாகதாளி என்றே வழங்குவோம். மெல்லிய, பளபளப்பான மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்க, மரம்போல் ஓங்கி வளர்வது அது. சாயப் பூச்சிக்கு உணவாகவும் வேலிக்காகவும் நடப்பட்ட அச்செடி, நட்ட இடத்தில் நில்லாது வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் வளைத்துக்கொண்டிருந்தது.

வட இந்தியாவில் அக்கள்ளி பூச்சியினால் மடிவதைக் கண்டோர், 1836க்கும் 1838க்கும் இடையில் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு அனுப்பினர். 1863 முதல் 1868 வரையான ஆண்டுகளில் அங்கே அது பரவலாக விடப்பட்டது. ஒற்றைமுள் நாகதாளி பெரும்பாலும் அழிந்தது. அதே 1860களில் பூச்சி பாக்குநீரிணையைக் கடந்து இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. இங்கும் அதே பயன் கிட்டியது. ஒரு களையை அடக்குவதற்கென்றே அதன் பகைப் பூச்சியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்று வெற்றி கண்ட முதல் முயற்சி எனப் பூச்சியியலார் இதனைப் போற்றுவர்.

அப்பூச்சிக்கு இன்று வழங்கும் பெயர் டக்டைலோபியஸ் சிலோனிக்கஸ், அதாவது இலங்கைக்குரியது என்பதாம். பிறந்தது தென்னமெரிக்காவில்; பெயரோ நம் தீவினுடையது! இலங்கையிற் பிறந்து, தேயிலைத் தோட்டத் துரையாயிருந்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராகிய ஏர்ணஸ்ற் கிறீன் என்பார் 1896ஆம் ஆண்டில் இங்குள்ள பூச்சிகளைக் கொண்டு அதனை விவரித்தமையால் அப்பெயர் நிலைத்தது. 1912 முதல் 1914 வரை உலகைச் சுற்றி நாகதாளியின் பகைகளைத் தேடிய ட்றையன், ஜோன்ஸ்ரன் ஆகிய குயின்ஸ்லாந்து அறிஞர் இருவரும், இந்தியாவிலும் இலங்கையிலும் இப்பூச்சியின் வெற்றியைக் கண்டு வியந்தனர். 1914இல் அது அவுஸ்திரேலியாவில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அங்குள்ள ஒற்றைமுள் நாகதாளியையும் அடக்கிவிட்டது.

இரண்டாம் பூச்சி

கதை இத்துடன் முடிந்திருத்தல் கூடும். ஆயின் நம் வறண்ட கரையோரங்களில் நாகதாளி ஒன்றன்று, இரண்டு. மற்றையது ஒபன்சியா டில்லெனி. கரீபியன் கடற்கரைகளுக்கு உரிய இது, தடித்த மடல்களும், மஞ்சள் நிறமான வன்முட்களின் கொத்துக்களும், ஊதாநிறப் பழங்களும் உடையது. இதனைக் கொத்துமுள் நாகதாளி என்போம். சிலோனிக்கஸ் பூச்சி இதனை ஒன்றுஞ் செய்யவில்லை. ஒற்றைமுள் நாகதாளி செத்து உலர்ந்த இடத்தின் அருகிலேயே, கொத்துமுள் நாகதாளி பசுமை குன்றாது படமெடுத்த நாகம்போல் நின்றது. மாடு நுழைய முடியாது, மனிதன் வெட்டவும் முடியாது. வெட்டி எறிந்த மடலோ விழுந்த இடத்திலே வேரூன்றியது.

இதனை வெல்ல மற்றொரு பூச்சி வேண்டியதாயிற்று. அதுவே டக்டைலோபியஸ் ஒபன்சியே. இதன் தாயகம் மெக்ஸிக்கோவும் அதனை அடுத்த ஐக்கிய அமெரிக்கப் பகுதியும் ஆம். அமெரிக்காவினின்று அவுஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்த இது, அங்கிருந்து 1924ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. கொத்துமுள் நாகதாளி மடல்களில் வெண்பஞ்சு பரவியது. மடல்கள் மஞ்சளித்து, சுருங்கி, ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. 1926இல் இலங்கையினின்று அது தென்னிந்தியாவுக்குச் சென்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியா நமக்குத் தந்ததற்கு நாம் செய்த கைம்மாறு என்றே இதனைக் கொள்ளலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அங்கே ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர், அதாவது ஓரிலட்சம் ஏக்கர் நிலம், நாகதாளியினின்று விடுபட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கின்

இனி இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம். சிறகற்ற பெண், வாயற்ற ஆண், காற்றிலே பறக்கும் குஞ்சு, வெண்பஞ்சு, செஞ்சாயம் ஆகிய யாவும் இரண்டுக்கும் பொது. பெருமழை பெய்யின் இரண்டின் கூட்டமும் கழுவுண்டு குறையும்; வறட்சியில் இரண்டும் பெருகும். மெழுகைக் கரைத்தகற்றி, உடலைக் கண்ணாடித் தகட்டிற் பதித்து, நுணுக்குக்காட்டியின் கீழே நுண்மயிர்களின் அமைப்பையும் மெழுகு சுரக்குந் துளைகளையும் ஆராய்ந்த பின்னரே, தேர்ந்த பூச்சியியலார் இதுவென்றும் அதுவென்றும் கூறுவர்.

ஆயின் நுணுக்குக்காட்டி இன்றியே இவ்வேறுபாட்டை அறிந்தது ஒன்றுண்டு. அது கள்ளிச் செடி. சிலோனிக்கஸ் தென்னமெரிக்காவில் ஒற்றைமுள் நாகதாளியோடு ஒட்டி வளர்ந்த இனம். ஒபன்சியே வடஅமெரிக்கக் கள்ளிகளோடு வளர்ந்தது. தனக்குரிய செடியில் ஒவ்வொன்றும் கூற்றுவன்; மற்றதன் செடியிலோ பெரும்பாலும் பசித்து மடியும் விருந்தாளி. தவறான பூச்சியை ஆயிரம் தடவை விட்டாலும் களை சாகாது. சரியான பூச்சியை ஒரு தடவை விடின் அது தானே பெருகித் தானே பரவும்.

இவ்வேற்றுமை இன்னும் நுணுகிச் செல்வதுண்டு. தென்னாபிரிக்காவில் 1938ஆம் ஆண்டிலேயே ஒபன்சியே விடப்பட்டு, பெரிய பழக்கள்ளியை அடக்கிற்று. ஆயின் குறூகர் வனவிலங்குப் பூங்காவிற் பரவியிருந்த, நம் கொத்துமுள் நாகதாளிக்கு நெருங்கிய உறவான கள்ளியை அது பொருட்படுத்தவில்லை. அதே இனத்தின் வேறொரு கிளையை அவுஸ்திரேலியாவினின்று வருவித்து 1997இல் விட்ட பின்னரே அக்கள்ளி தாழ்ந்தது. பெயரும் ஒன்று, உருவும் ஒன்று; ஆயினும் பசி வேறு!

நண்பனா, பகைவனா?

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். இலங்கை உழவனுக்கும் தென்னிந்திய உழவனுக்கும் ஒபன்சியே நன்மையே செய்தது. ஆயின் வட ஆபிரிக்காவிலுள்ள மொறோக்கோ நாட்டுக்குச் சென்று கேட்பின் விடை வேறாகும். அங்கே நாகதாளியின் உறவான பழக்கள்ளி, களையன்று, குடும்பத்தின் சொத்து. அதன் பழம் சந்தைக்கு, மடல் கால்நடைக்கு, செடி வேலிக்கு. 2014ஆம் ஆண்டில் ஒபன்சியே அங்கே காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், தலைமுறை தலைமுறையாய் நின்ற கள்ளி வேலிகள் வெண்பஞ்சு போர்த்து வீழ்ந்தன. பூச்சி பற்றிய செடிகளை அரசாங்கமே பிடுங்கி அழிக்கவும், பூச்சியைத் தாங்கவல்ல வகைகளைத் தேர்ந்து மீண்டும் நடவும் நேர்ந்தது. பிரேஸிலின் வறண்ட வடகிழக்கிலும், கால்நடைத் தீவனமாகிய கள்ளித் தோட்டங்களை இப்பூச்சியே அழித்தது. 1926இல் எதனை நாம் விருந்தாக அனுப்பி வைத்தோமோ, அதனையே அங்குள்ள ஏழை உழவர் சபிக்கின்றனர். பூச்சி மாறவில்லை. அது செய்ததும் அதே சாறுறிஞ்சும் தொழில்தான். செடியை நம்பி வாழும் மனிதர் மாறினர், அவ்வளவே.

மற்றொன்றையும் இங்குக் கூறாது விடல் தகாது. இப்பூச்சிகள் நாகதாளியை அடியோடு ஒழித்துவிட்டன என்று எண்ணுதல் பிழை. செடி அருகினால் பூச்சியும் அருகும். எஞ்சிய செடி மீண்டும் தழைக்கும். அதனைத் தேடிப் பூச்சியும் மீண்டும் வரும். இலங்கையின் தென்கரையிலே, 1990இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட புந்தலப் பூங்காவிற் கொத்துமுள் நாகதாளி மண்டி வளர்ந்து, அங்குள்ள உயிர்களுக்கு இடையூறு விளைத்து வருகின்றது. ஒருமுறை வென்றோம் என்பதற்காக உறங்கிவிடலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அன்று வகுப்பு முடியும் தறுவாயில், அம்மாணவனிடம் இவ்வாறு கூறினேன்: "தம்பி, நல்லதோ கெட்டதோ என்று கேட்கமுன்னம், எது என்று கேள். எந்தப் பூச்சி, எந்தச் செடி, அந்தச் செடியை நம்பி ஆர் இருக்கினம் என்று கேள். பிறகு விடை தானாக வரும்."

1795ஆம் ஆண்டில் கல்கத்தாத் துறைமுகத்திலே அந்தக் கேள்வியை எவரும் கேட்டிலர். செந்நிறத்தைக் கண்டனர், கொச்சினீல் என்று நம்பினர். அத்தவறு தற்செயலாய் நமக்கு நன்மையாய் முடிந்தது. எல்லாத் தவறுகளும் அங்ஙனம் முடிவதில்லை. இன்று அழகுக்கென்று வெளிநாட்டுக் கள்ளிகளையும் செடிகளையும் வருவித்து முற்றத்தில் வைக்கும் நம்மவர், மடலின் அடியிலே ஒரு துளி வெண்பஞ்சு தெரிகின்றதா என்று ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நன்று. கடுகளவே உள்ள உயிராயினும் அது தன் செடியை நன்கறியும். அந்த அறிவு நமக்கும் வேண்டுமன்றோ?